வஸ்வாஸுக்கு ஜகாத் கொடுக்கலாமா?

டயாலிசிஸுக்கு ஜகாத் கொடுக்கலாமா என்று எங்கள் ஊர் பைத்துல்மாலில் யாரும் கேட்டதில்லை. ரசீதைப் பார்ப்பார்கள், குடும்பத்தை விசாரிப்பார்கள், கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். ஸ்டென்ட், கண்புரை, கர்ப்பப்பை ஆபரேஷன் எல்லாம் அப்படித்தான். மனநல ஆலோசகருக்குக் கட்ட வேண்டிய பணத்துக்கு உதவி கேட்டு ஒரு மனு வந்தபோதுதான் முதன்முதலாகக் கூட்டம் தயங்கியது. "பேசுறதுக்கா காசு?" என்றார் ஒரு பெரியவர். அவர் அதைக் கேலியாகக் கேட்கவில்லை. ஊரார் நம்பிக் கொடுத்த ஜகாத்துக்கு மறுமையில் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயத்தில் கேட்டார். பைத்துல்மாலின் கணக்கு என் பொறுப்பில் இருப்பதால், அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் தேட வேண்டிய கடமை எனக்கு வந்தது.

மனு கொடுத்தது கணவரை இழந்த ஒரு பெண். மகன் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தவன், படிப்பு பாதியில் நிற்கிறது. அவனுக்கு ஒளு முடிவதே இல்லை. முழங்கை வரை மூன்று முறை கழுவினால் போதும் என்று சின்ன மதரஸாப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவனுக்கும் தெரியும். கழுவிவிட்டு முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். நனையாத ஒரு புள்ளி இருப்பதாகத் தோன்றும். மறுபடி முதலிலிருந்து. விரல் இடுக்கில் தோல் வெளுத்து, கணுக்களில் வெடித்து, எங்கள் ஊர் உப்புத் தண்ணீர் பட்டதும் எரிச்சல் தாங்காமல் கையை உதறுவான். உதறியதில் தெறித்த தண்ணீர் உடுப்பில் பட்டு அசுத்தமாகிவிட்டதோ என்ற சந்தேகம் அடுத்தது. அஸருக்கு ஹவுளில் உட்கார்ந்தவன் மக்ரிப் பாங்கு வரை எழுந்திருக்காத நாட்களை நானே பார்த்திருக்கிறேன். வீட்டில் தொட்டி காலியாகிவிடும் என்பதால் உம்மா மோட்டார் சுவிட்சை மறைத்து வைக்கத் தொடங்கியிருந்தார்.

மார்க்கத்தில் ரொம்பப் பேணுதலான பிள்ளை என்று ஊர் அவனைப் பாராட்டியது. அந்தப் பாராட்டு அவனுக்கு எவ்வளவு கெடுதல் செய்தது என்பதைப் பின்னால்தான் அந்த வீட்டில் உணர்ந்தார்கள். பிறகு ஓதிப் பார்த்தார்கள், தாயத்துக் கட்டினார்கள், தண்ணீர் ஓதிக் குடிக்கக் கொடுத்தார்கள். அதற்கெல்லாம் செலவழிந்த பணத்துக்கு யாரும் கணக்குக் கேட்கவில்லை. அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் பார்த்து, நாம் வஸ்வாஸ் என்று சொல்லும் இது எண்ணச் சுழற்சி நோய் என்று சொல்லி மாத்திரை எழுதினார். மாத்திரை இலவசம். தூக்கம் வந்தது, பதற்றம் கொஞ்சம் தணிந்தது. கூடவே, பேச்சும் பயிற்சியும் சேர்ந்த சிகிச்சை வேண்டும் என்றும் அவர் சொன்னார். ஆனால் வராந்தா முழுக்க ஆட்கள் காத்திருக்கும்போது ஒருவருக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்க அங்கே ஆள் இல்லை.

மதுரையில் ஒரு மருத்துவ உளவியலாளர் கிடைத்தார். ஓர் அமர்வு 45 நிமிடம், 1,200 ரூபாய். வாரம் ஒரு முறை, முதல் கட்டமாக 16 வாரம். இரண்டு பேருக்கு பஸ், சாப்பாடு என்று வாரத்துக்கு இன்னொரு 800. ஆக 32,000 ரூபாய். சிகிச்சை என்னவென்றால், அவன் கையை ஒரே ஒரு தடவை கழுவ வேண்டும்; சந்தேகம் வரும்; வந்தாலும் மறுபடி கழுவக் கூடாது. அந்தப் பதற்றம் ஏறி, உச்சிக்குப் போய், தானாக இறங்கும் வரை அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பிறகு வீட்டில் அதையே பழக வேண்டும். கேட்பதற்கு எளிது. அந்தப் பிள்ளைக்கு அது நெருப்பில் நிற்பது.

அந்தப் பெண்ணிடம் காப்பீடு இருந்தது. கணவர் இருந்த காலத்தில் எடுத்த 5 லட்ச ரூபாய் குடும்பப் பாலிசி. அவர் மவுத்தான பிறகும் வருடம் 14,000 ரூபாயைத் தவறாமல் கட்டி வந்தார். ரசீதுகளைச் சேர்த்து அனுப்பினார். நிராகரித்துக் கடிதம் வந்தது. 24 மணி நேரத்துக்குக் குறையாமல் மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்தால்தான் பாலிசியில் இடமுண்டாம். வெளிநோயாளிச் செலவுக்கு இல்லையாம். கடிதத்தை என் மேஜையில் வைத்துவிட்டு அவர் கேட்டார்: "அவனைக் கொண்டுபோய்ப் படுக்க வச்சாத்தான் நோயாளின்னு நம்புவாங்களா காக்கா?"

சட்டம் அவர் பக்கம்தான் என்று முதலில் நினைத்தேன். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 21-ஆவது பிரிவின் 4-ஆவது உட்பிரிவு, உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் மருத்துவக் காப்பீடு கிடைக்கிறதோ அதே அடிப்படையில் மன நோய்க்கும் ஏற்பாடு செய்யக் காப்பீட்டு நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகிறது. அந்த ஆகஸ்டிலேயே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சுற்றறிக்கை அனுப்பியது. அப்படியும் கம்பெனிகள் இழுத்தடித்தன. 2021-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், மனநோய் என்பதைக் காட்டிப் பணம் மறுத்தது சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. 2022 அக்டோபரில் ஆணையம் மறுபடி ஒரு கெடு வைத்தது. இத்தனைக்கும் பிறகு இன்று மனநல வார்டில் சேர்ந்தால் பணம் கேட்கலாம். உட்கார்ந்து பேசிவிட்டு வீடு திரும்பும் சிகிச்சைக்கு, வெளிநோயாளிச் செலவையும் சேர்த்துப் பாலிசி எடுத்திருந்தால் ஒழிய, அநேகமாகக் கிடைக்காது.

கம்பெனியின் வாதம் எளிமையானது. காய்ச்சலுக்கு டாக்டரிடம் போய்வந்தாலும் நாங்கள் தருவதில்லை, மனதுக்குப் போய்வந்தாலும் தருவதில்லை. இரண்டுக்கும் ஒரே அடிப்படை. வார்த்தைக்கு வார்த்தை அது சரி. இருந்தும் அதை நீதி என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்று பல நாள் யோசித்தேன். பதில் ஷாபி மத்ஹபின் ஜகாத் சட்டத்திலேயே இருந்தது.

ஏழைக்கு ஜகாத் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று இமாம் நவவி தம் 'அல்மஜ்மூஉ' நூலில் விரிவாகப் பேசுகிறார். எல்லாருக்கும் ஒரே தொகை என்று அவர் சொல்லவில்லை. அவரவர் தேவை நிறையும் அளவு என்கிறார். தொழில் தெரிந்தவனுக்கு அந்தத் தொழிலின் கருவியை வாங்கும் அளவு கொடுக்க வேண்டும். கருவியின் விலை தொழிலுக்குத் தொழில் மாறும், ஊருக்கு ஊர் மாறும், ஆளுக்கு ஆள் மாறும். காய்கறி விற்பவனுக்குப் போதுமானது நகை வியாபாரிக்குப் போதாது. இருவருக்கும் ஒரே தொகையைக் கொடுத்துவிட்டுச் சமமாக நடந்துகொண்டோம் என்று சொன்னால் ஒருவனுக்கு அநியாயம் செய்தவர்களாவோம். நவவி 13-ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸில் வாழ்ந்தவர். காப்பீடு அவர் அறியாதது. ஆனால் 24 மணி நேரப் படுக்கை என்ற ஒரே அளவுகோலை உடலுக்கும் மனதுக்கும் வைத்தால் எங்கே பிசகும் என்பதை அவர் சொன்ன முறையை வைத்தே பார்த்துவிடலாம். குடல்வால் வெடித்தால் படுக்கைதான் சிகிச்சை. எண்ணச் சுழற்சிக்கு, போய் வருவதுதான் சிகிச்சை. அவன் அவனுடைய வீட்டில், அவனுடைய குழாயடியில்தான் குணமாக வேண்டும். படுக்கையில் சேர்த்தால் பணம் உண்டு, சேரும் நிலைக்கு வராமல் தடுத்தால் பணம் இல்லை என்கிற ஏற்பாடு எந்தக் கணக்கில் சேரும்?

இன்னொன்றும் இருக்கிறது. கண்புரைக்கு இப்போது யாரும் ஒரு நாள் முழுக்கப் படுப்பதில்லை. காலையில் போய் மாலையில் கண்ணில் கட்டோடு திரும்பிவிடுகிறார்கள். டயாலிசிஸும் அப்படியே, கீமோதெரபியும் அப்படியே. பகல்நேரச் சிகிச்சை என்று தனியாக ஒரு பட்டியல் போட்டு, 24 மணி நேர விதியை அவற்றுக்காகத் தளர்த்தியிருக்கிறார்கள். மருத்துவம் மாறியது, விதியும் மாறியது. கண்ணுக்காக வளைந்த விதி மனதுக்காகவும் வளையலாம். பதிவு பெற்ற உளவியலாளர், எழுத்தில் நோயறிதல், அமர்வுகளுக்கு ரசீது என்று நிபந்தனை வைக்க எல்லா வழியும் இருக்கிறது.

நம் சமுதாயத்தில் காப்பீடே கூடாது என்போரும் உண்டு. அவர்களை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 1985-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நிலையான பிரீமியம் வாங்கும் வணிகக் காப்பீடு கூடாது, ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவுக் காப்பீடு கூடும் என்று தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்தின் இரண்டாம் பாதியைத்தான் நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். அஷ்அரீ கோத்திரத்தாரைப் பற்றி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் சொன்னது புகாரியில் இருக்கிறது: உணவு தீரும் நிலை வந்தால் இருப்பதையெல்லாம் ஒரே துணியில் கொட்டி, ஒரே பாத்திரத்தால் சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்கள், அவர்கள் என்னைச் சேர்ந்தவர்கள், நான் அவர்களைச் சேர்ந்தவன் என்றார்கள். கம்பெனிக் காப்பீடு வேண்டாம் என்று சொல்லும் ஜமாஅத்துக்கு அந்தத் துணியை விரிக்கும் கடமை கூடுகிறது. இரண்டையும் மறுத்துவிட்டு அந்த உம்மாவை வெறுங்கையோடு அனுப்ப எந்த மத்ஹபிலும் வழியில்லை.

இனிப் பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். பேசுவதற்குக் காசா?

நபித் தோழர்கள் சிலர் பயணத்தில் ஒரு கோத்திரத்தாரிடம் தங்க இடமும் உணவும் கேட்டு, மறுக்கப்பட்டார்கள். அந்தக் கோத்திரத் தலைவரை விஷ ஜந்து தீண்டிவிட்டது. எதைச் செய்தும் பலனில்லாமல் இவர்களிடமே வந்தார்கள். ஒரு தோழர் கூலி பேசிக்கொண்ட பிறகுதான் ஓதினார். ஓதியது சூரத்துல் ஃபாத்திஹா. தலைவர் எழுந்து நடந்தார். பேசியபடி ஓர் ஆட்டு மந்தை கிடைத்தது. அதைப் பங்கிடத் தோழர்களுக்குத் தயக்கம். நபியிடம் கேட்காமல் தொடக் கூடாது என்று ஓட்டி வந்தார்கள். நாயகம் அதைச் சரி கண்டதோடு நிற்கவில்லை. பங்கிடுங்கள், எனக்கும் ஒரு பங்கு வையுங்கள் என்றார்கள். சபையில் ஒருவருக்கும் மனதில் சந்தேகம் தங்கக் கூடாது என்பதற்காகத்தான் தமக்கும் பங்கு கேட்டார்கள் என்று உலமாக்கள் விளக்குகிறார்கள்.

உளவியல் சிகிச்சையும் ஓதிப் பார்ப்பதும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. வாயிலிருந்து வரும் சொல்லால் ஒருவருக்கு ஆறுதலும் குணமும் கிடைத்தால் அதற்குக் கூலி வாங்குவது கூடும் என்ற அளவுக்கு மட்டும் இந்தச் சம்பவத்தை எடுத்துக்கொள்கிறேன். அந்த உளவியலாளர் முதுகலைக்கு மேல் இரண்டு வருடம் மருத்துவமனையில் பயிற்சி எடுத்து, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவர். ஒரு நாளைக்கு ஆறேழு பேருக்கு மேல் அவரால் பார்க்க முடியாது. மாத்திரைச் சீட்டு எழுதும் வேகத்தில் இந்த வேலை நடக்காது. ஒரு பிள்ளையின் பதற்றம் அடங்க நாற்பது நிமிடம் ஆகுமென்றால் நாற்பது நிமிடம் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். நமக்கு அவர் விற்பது அவருடைய ஆயுளில் ஒரு பகுதி. அதற்கு விலை இருக்கத்தான் செய்யும். அந்த விலையை யார் கொடுப்பது என்பதுதான் ஜமாஅத்தின் முன்னால் இருக்கும் கேள்வி.

ஈமான் பலமாக இருந்தால் மனம் கெடுமா என்றும் ஒருவர் கேட்டார். யஃகூப் நபியைவிட ஈமான் பலமானவர் நம் மஹல்லாவில் யாரும் இல்லை. அழகிய பொறுமையை மேற்கொண்டவர் என்று குர்ஆனில் வருபவர் அவர். மகனைப் பிரிந்த துக்கத்தில் அவருடைய கண்கள் வெளுத்துப் பார்வை போனதையும் அதே சூரா சொல்கிறது. பொறுமையும் நோயும் ஒரே ஆளிடம், ஒரே நேரத்தில். வாயால் சொல்லக்கூட அஞ்சும் எண்ணங்கள் மனதில் வருவதாகத் தோழர்கள் வந்து முறையிட்டபோது நாயகம் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. அந்த அச்சமே தெளிவான ஈமான் என்று தேற்றினார்கள். இந்த ஹதீஸை அந்தப் பிள்ளைக்கு எங்கள் ஹஜ்ரத் உட்கார வைத்துச் சொன்னார். அவன் அழுதான். ஆனால் மறுநாளும் ஹவுளில் உட்கார்ந்திருந்தான். மார்க்க விளக்கம் அவன் குற்ற உணர்வை இறக்கி வைத்தது. கையை நிறுத்தப் பயிற்சி வேண்டியிருந்தது. ஹஜ்ரத்தே அதை ஒப்புக்கொண்டு மனுவில் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அவருடைய நேர்மைக்கு அல்லாஹ் கூலி கொடுப்பானாக.

நம் முன்னோருக்கு இதெல்லாம் புதிதல்ல. 934-இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கி உடலின் நலனையும் உள்ளத்தின் நலனையும் ஒரே நூலில் இரண்டு பாகமாக எழுதினார். உள்ளத்தின் பாகத்தில் கோபம், பயம், துக்கம், வஸ்வாஸ் என்று நான்கையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டு சிகிச்சை சொல்கிறார். வஸ்வாஸ் உள்ளவன் தனியே கிடக்கக் கூடாது, மனிதர்களோடு இருக்க வேண்டும் என்பது அவருடைய யோசனைகளில் ஒன்று. கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284-இல் கட்டிய மன்சூரி மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கென்று இடம் இருந்தது. ஏழை, பணக்காரன், உள்ளூரான், வெளியூரான் என்று பார்க்காமல் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அதன் வக்ஃபு பத்திரம் சொன்னது. கடைகளின் வாடகையும் சொத்துகளின் வருமானமும் வைத்தியர் சம்பளத்துக்குப் போயின. மனநோய்க்குச் சமுதாயப் பணத்தில் வைத்தியம் என்பது அந்தக் காலத்தில் விவாதத்துக்கே வராத விஷயம்.

நாமோ ஏர்வாடிக்குப் பக்கத்தில் இருப்பவர்கள். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அந்தக் காப்பகங்கள் இலவசமாக நடக்கவில்லை. தூர தூர ஊர்களிலிருந்து குடும்பங்கள் மாதாமாதம் பணம் அனுப்பின. தங்களால் முடிந்த தொகைக்குக் கிடைத்த பராமரிப்பு அது. சங்கிலியை எந்த வடிவிலும் தடை செய்யும் 95-ஆவது பிரிவு இப்போது மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் இருக்கிறது. ஏர்வாடி தர்கா வளாகத்திலேயே துஆவோடு மருந்தும் கொடுக்கும் அரசுத் திட்டம் பின்னாளில் வந்தது. அது நல்ல காரியம். ஆனாலும் பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16-இல் நடத்திய தேசிய ஆய்வு, நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே எட்டவில்லை என்று கண்டது. இவ்வளவு பெரிய இடைவெளியை மூட எங்கள் பைத்துல்மாலால் முடியாது. எங்கள் மஹல்லாவில் இருக்கும் ஒரு வீட்டுக்கு முடியும்.

ஜகாத்தின் எட்டு வகையினரில் இந்தப் பெண் எந்த வகை என்றும் பார்த்தோம். சொந்த வீடு இருக்கிறதே என்றார்கள். குடியிருக்கும் வீடு ஒருவரை ஏழை என்ற வகையிலிருந்து நீக்கிவிடாது என்பது ஷாபி சட்டம். போதாததற்கு, முதல் சில அமர்வுகளுக்காக அவர் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்திருந்தார். அந்த வகையில் கடனாளியும் ஆகிறார். பணத்தை உளவியலாளருக்கு நேரே அனுப்பலாமா என்ற கேள்விக்கு, வேண்டாம், அந்தப் பெண்ணின் கையிலேயே உரிமையாக்கிக் கொடுப்போம், அவர் கட்டிக்கொள்ளட்டும் என்று ஹஜ்ரத் சொன்னார். அப்படியே செய்தோம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணையும் எழுதிக் கொடுத்தோம். தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. மதுரைக்குப் போக முடியாத வாரங்களில் கைகொடுக்கும்.

ஒரு நடைமுறையை மாற்ற நான் வற்புறுத்தினேன். எங்கள் கூட்டத்தில் மனுக்களை உரக்க வாசிப்பது வழக்கம். டயாலிசிஸ் என்று வாசித்தால் எல்லாரும் துஆச் செய்வார்கள். மனநோய் என்று வாசித்தால் அந்தப் பிள்ளைக்கு நாளை நிக்காஹ் பேச வருபவர் யோசிப்பார், அவன் தங்கைக்கும் சேர்த்து. உதவி வாங்க அந்தக் குடும்பம் தன் மானத்தையும் செலவழிக்க வேண்டியதில்லை. இனி இத்தகைய மனுக்கள் ஹஜ்ரத்துக்கும் கணக்குப் பார்ப்பவருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். பேரேட்டில் 'மருத்துவம்' என்று ஒரே தலைப்பு. கூட்டம் இதற்கு ஒப்புக்கொண்டது.

ஒன்றில் மட்டும் முடிவு வரவில்லை. 16 அமர்வோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று சிலர் எல்லை கேட்கிறார்கள். டயாலிசிஸுக்கு நாம் எண்ணிக்கை வைத்ததில்லை, இதற்கும் வைக்கக் கூடாது. உளவியலாளர் எழுதித் தரும் வரை கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. ஜகாத் நிதி போதாவிட்டால் ஸதகாவிலிருந்து எடுக்கலாம். அந்த நிதியிலிருந்து எடுத்தால் பக்கத்துத் தெருவில் இதே நோயோடு இருக்கும் மாற்று மதப் பிள்ளைக்கும் கொடுக்கத் தடையில்லை. வரும் ரமலானில் ஜகாத் வசூல் தொடங்குவதற்குள் இதைப் பேசி முடித்தாக வேண்டும்.